குச்சி ஐஸில் கடற்பாசி சேர்க்கலாமா?

கேள்வி: எனக்கு மூன்று வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு குழந்தைகள். கடை ஐஸ்கிரீமை நிறுத்திவிட்டு, 'சீ மாஸ்' கடற்பாசி சேர்த்து வீட்டிலேயே குச்சி ஐஸ் செய்து தர நினைக்கிறேன். அதில் 92 தாதுக்கள் இருப்பதாகவும், தினமும் கொடுத்தால் வேறு சத்து மருந்தே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். ஒரு முறை செய்து பார்த்தேன். கடல் வாடை அடித்தது, பாறையாக உறைந்தும்விட்டது. எப்படிச் செய்வது, எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: அந்த 92-ஐ முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். மனித உடலுக்கு இன்றியமையாதவை என்று உறுதியான தாதுக்களே சுமார் இருபதுதான். கடற்பாசி தான் வளரும் நீரில் உள்ளதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதில் ஆர்செனிக், காட்மியம், காரீயமும் அடக்கம். ஆகவே தாதுப் பட்டியல் நீளமாக இருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கே வளர்ந்தது, கன உலோகப் பரிசோதனை நடந்ததா என்று சொல்லாத பொட்டலத்தைக் குழந்தைகளுக்காக வாங்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று அயோடின். உங்கள் இரு குழந்தைகளின் வயதுக்கும் ஒரு நாள் தேவை 90 மைக்ரோகிராம். அமெரிக்க ஊட்டச்சத்து அளவீட்டின்படி மேல்வரம்பு மூன்று வயதுக்கு 200, ஏழு வயதுக்கு 300. பாலிலும் அயோடின் உப்பிலும் ஏற்கெனவே கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருக்கும். பாசியில் அது எவ்வளவு என்பது வகைக்கு வகை, அறுவடைக்கு அறுவடை மாறும். எனவே தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் போதும். தைராய்டு தொந்தரவு உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. கெல்ப் என்ற பழுப்புப் பாசியில் அயோடின் பல மடங்கு அதிகம் என்பதால், சீ மாஸ் கிடைக்கவில்லை என்று அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் இதை ஏன் சேர்க்க வேண்டும்? வழவழப்புக்காக. பாசியிலிருந்து வரும் கூழ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பனிப் படிகங்கள் பெரிதாக வளர முடிவதில்லை. நீங்கள் நிறுத்த நினைக்கும் கடை ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கராஜீனன் என்றோ 407 என்றோ பலவற்றில் அச்சிட்டிருக்கும். அதுவும் சீ மாஸ் போன்ற சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்தான்!

சத்து வருவது நீங்கள் சேர்க்கும் பழத்திலும் தயிரிலும்தான். உங்கள் ஐஸ் பாறையானதற்கும் காரணம் அங்கேதான் இருக்க வேண்டும்: தண்ணீர் அதிகம், பழச்சதையும் கொழுப்பும் குறைவு. நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்று, மாம்பழக் கூழ் ஒரு கப், ஆடை நீக்காத பாலில் தோய்த்த தயிர் ஒரு கப், பாசிக் கூழ் ஒரு மேசைக்கரண்டி. இதில் ஆறு குச்சி ஐஸ் வரும். ஒன்றுக்கு அரைத் தேக்கரண்டிக் கூழ்தான் சேரும். அதற்கு மேல் போக வேண்டாம்.

வாடை போக வேண்டுமென்றால் கழுவுவதில் சோம்பல் கூடாது. உலர்ந்த பாசியை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். மடிப்புகளில் மணல் ஒளிந்திருக்கும். விரலால் நெருடிப் பார்த்தால்தான் அகப்படும். நிறையத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்தால் உப்பிப் பருத்து, வெளிறி, கையில் வழுக்கும். ஊறிய தண்ணீரிலேயே அரைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் கொட்டிவிடத்தான் சொல்வேன். வாடையோடு அயோடினிலும் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் இழைகள் உருக்குலையும்வரை வேக விட்டு, ஆறியதும் மிக்ஸியில் அடித்து வடிகட்டுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்த கூழ் கெட்டியாக உறைந்திருக்கும். அதை அப்படியே பழக் கலவையில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். குழந்தை முதல் கடியிலேயே துப்பிவிடும். இரண்டு கரண்டிக் கலவையோடு கூழைத் தனியே அடித்து, பிறகு மற்றதைச் சேருங்கள். எலுமிச்சை பிழிவதானால் கூழ் ஆறிய பிறகுதான். சூட்டோடு புளிப்பு சேர்ந்தால் கூழின் பிடிப்பு தளர்ந்துவிடும். அன்னாசியும் சேர்க்கலாம். ஜெலட்டினை உறைய விடாமல் செய்யும் அதன் நொதி பாசிக் கூழை ஒன்றும் செய்யாது.

குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கலாகத் தெரியும். கலவை வாய்க்கு ஒரு படி தூக்கலாக இருக்கட்டும். ஊற வைத்து அரைத்த பேரீச்சை இரண்டு போதும். தேன் உங்கள் குழந்தைகளுக்குச் சேர்க்கலாம், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தை வீட்டுக்கு வந்தால் அந்த ஐஸை நீட்டிவிடாதீர்கள். முழு திராட்சை, முழுப் பருப்பு எதையும் உள்ளே பதிக்க வேண்டாம். மூன்று வயதுக்குத் தொண்டையில் சிக்கும்.

மீதிக் கூழை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஒரு குழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ஊற்றி உறைய வையுங்கள். அடுத்த முறை ஒரு கட்டியை எடுத்து, சற்றுச் சூடாக்கி இளக்கினால் அளவு பார்க்கும் வேலை மிச்சம்.