டாக்டரம்மா பதில்கள்: தம்பிக்கு எதற்குத் தனித் தட்டு?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. போன மாதம் கம்பெனியில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தான். ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பாசிட்டிவ் என்றார்கள். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை எஸ்.ஜி.பி.டி. நார்மல். காமாலை வந்ததே இல்லை, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். அம்மா அவனுக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார். தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். தை மாதம் கல்யாணம். நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்ற பாத்திரங்களோடு வையுங்கள். ஒன்றாகச் சாப்பிடுவதால் இந்த வைரஸ் பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இப்படித்தான் வரும். தனியாக இருக்க வேண்டியவை ரேசர், பல் பிரஷ், நகவெட்டி. அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். யார் மேலும் பழி போட அல்ல. பிறந்த சமயத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும்.

"ஆள் நன்றாகத்தான் இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்துத்தான் பயந்தேன். நான் வார்டில் இருந்த காலத்தில் ஒரு தறிக்காரரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். 46 வயது. கை கால் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் பானையாக வீங்கித் தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. ரத்த வாந்தி. அவர் மனைவி மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டோடு ஒரு தாளையும் எடுத்து நீட்டினார். நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்: ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். "காமாலை வந்தா வாங்கன்னு சொன்னாங்க டாக்டரம்மா, வரவே இல்லையே" என்றார் அந்த அம்மா.

காமாலை வராமலேயே ஈரல் தழும்பு மேல் தழும்பாக இறுகிப்போயிருந்தது. ஈரல் வழியாகப் போக முடியாத ரத்தம் உணவுக்குழாய் நாளங்களுக்குத் திரும்பி, அவை புடைத்து வெடித்துவிட்டன. நாலாம் நாள் போய்விட்டார். தினம் ஒரு மாத்திரை, விலை அதிகமில்லாத மாத்திரை, காப்பாற்றியிருக்கும். இன்றைக்கும் என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

கீழாநெல்லி விஷயம். தண்ணீரில் வரும் ஏ, இ வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும் (கர்ப்பிணிக்கு இ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி, அது உயிரை எடுக்கும்). அப்போது எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பெயர் வரும். பி-க்கும் கீழாநெல்லியைப் பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு பாசிட்டிவ் மறைந்ததாக வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மாவின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பது போதாது. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது), 'இ' ஆன்டிஜென் (இதுவும் பி வைரஸுக்கான டெஸ்ட்தான், இ வைரஸ் அல்ல), வயிற்று ஸ்கேன், முடிந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன். இவற்றைப் பார்த்துத்தான் மாத்திரை இப்போதே வேண்டுமா என்று சொல்ல முடியும். வேண்டாம் என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஈரல் சுருங்காமலேயே புற்றுநோய் வர வைக்கக்கூடியது இந்த பி. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். ஆரம்பித்த மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது, வைரஸ் சீறிக்கொண்டு எழும்பி ஈரலையே செயலிழக்க வைத்துவிடும். வேறு எதற்காவது ஸ்டீராய்டு கொடுத்தால், "எனக்கு பி இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். மது கூடவே கூடாது.

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும், தாலி கட்டிய பிறகு அல்ல. அவளுக்குப் பரிசோதனை செய்து, நெகட்டிவ் என்றால் மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அப்புறம் எதிர்ப்புசக்தி வந்துவிட்டதா என்று ஒரு டெஸ்ட். அதுவரை ஆணுறை.

கேள்வி: அப்பாவுக்கு 1987-இல் ஆபரேஷனில் ரத்தம் ஏற்றினார்கள். இப்போது ஹெபடைட்டிஸ் சி என்கிறார்கள். அப்போதே பார்த்திருக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: பார்க்க வழியே இல்லை. சி வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-இல்தான். ஆனால் பி போல் அல்ல, இது முற்றிலும் குணமாகும். சோஃபாஸ்புவிர், டக்ளடாஸ்விர் என்ற மாத்திரைகள் பெரும்பாலும் 12 வாரம். ஈரல் சுருங்கியிருந்தால் டாக்டர் அந்தக் காலத்தை நீட்டலாம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் போய்விடுகிறது. சுருக்கம் இருந்தால் குணமான பிறகும் ஆறு மாத ஸ்கேன் தொடர வேண்டும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கும். அதன் ரிசல்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.