கேளுங்க, சொல்றோம்: குவாரிய சும்மா விட்டா செடி பிழைக்குமா?

கேள்வி: இங்கிலாந்துல போர்ட்லேண்ட் தீவுல பழைய கல்குவாரிக்குள்ள சவுத்பியா நைக்ரெல்லானு ஒரு அபூர்வ லிவர்வொர்ட் (பாசி மாதிரி பூக்காத சின்னச் செடி) இருக்காமே. குவாரின்னாலே இயற்கைய அழிக்கிற இடம், அங்க போயி எப்படிங்க? மரம் நட்டு விட்டா இன்னும் நல்லா வளராதா? ஒரு துண்டு எடுத்து நம்ம வளர்க்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மரம் நட்டீங்கன்னா முதல்ல சாகுறது அதுதாங்க! காலேஜ்ல மார்கான்ஷியா பார்த்திருப்பீங்க, அதுவும் ஒரு லிவர்வொர்ட்தான், ஆனா அது தட்டையா பட்டை மாதிரி இருக்கும், இதுக்குத் தண்டும் இலையும் உண்டு, அதைவிட ரொம்பப் பொடிசு, தண்டும் இலையும் சேர்ந்தே அகலம் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான் வரும், கரும்பச்சையா பாறையோட ஒட்டிக் கிடக்கும், காய்ஞ்சா ஏதோ கறுப்பு அழுக்குன்னு நினைச்சு மிதிச்சுட்டுப் போயிடுவோம். நெஜமான வேர் கிடையாது, பிடிச்சுக்க நூல் மாதிரி சில இழை மட்டும், தண்ணிய மேல் உடம்பாலயே குடிச்சுக்கும். அதனால ஆழமான மண்ணு அதுக்கு எதுக்கு? சுண்ணாம்புக்கல் மேல மெல்லிசா படிஞ்ச மண்ணு, கொஞ்சம் ஈரம், மேல நிழல் போட புல்லோ புதரோ இல்லாத இடம், அவ்வளவுதான் கேக்கும். கல்லை வெட்டி எடுத்த குவாரில அதுதானே மிச்சம் இருக்கு.

அந்தக் கல்லும் சாதாரண கல்லு இல்ல, 1666-ல லண்டன் எரிஞ்சப்புறம் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் செயின்ட் பால்ஸ் கதீட்ரலைத் திரும்பக் கட்டினது போர்ட்லேண்ட் கல்லுலதான். செடிக்கு சொந்த ஊரு மத்தியத்தரைக்கடல் பக்கம், குளிர் காலத்துல மழை, வெயில் காலத்துல வறட்சின்னு பழகினது. போர்ட்லேண்ட சுத்தி கடல், உறைபனி கம்மி, அதான் அவ்வளவு வடக்க போயும் தாக்குப்பிடிக்குது. பிரிட்டன்ல இதை விட்டா வைட் தீவு மாதிரி ரொம்ப சில இடத்துலதான்.

இப்போ குவாரிய நிறுத்தி சும்மா விட்டா என்ன ஆகும்னா, புதர் ஏறிடும். தோட்டத்துல அழகுக்குன்னு வச்ச கொட்டோனியாஸ்டர்ங்கிற புதர்ச்செடி, பறவை பழத்தைத் தின்னு விதையப் போட்டு போட்டு, குவாரி பூரா பாறையோட பாறையா படர்ந்துடுச்சு, கீழ வெளிச்சமே விழாது. அதுல சில வகைய காட்டுல நடக்கூடாதுன்னு 2010-லயே சட்டம் போட்டுட்டாங்க, இருந்தாலும் ஏற்கனவே படர்ந்தத ஆளு விட்டு வெட்டித்தான் ஆகணும். இயற்கைய காப்பாத்த அரிவாளத் தூக்கணும்னா நம்மூர்ல அடிக்க வருவாங்க!

ஒரு துண்டு எடுத்து வளர்க்கலாமான்னு கடைசியா கேட்டிருக்கீங்க. பிரிட்டனோட 1981 வனவுயிர் சட்டத்துல பாதுகாப்புப் பட்டியல்ல இருக்குற செடிங்க, வேணும்னே பிச்சா கேஸு. ஆசையா இருந்தா ஒரு லென்ஸ் எடுத்துக்கிட்டு கொடைக்கானல் போங்க, ரோட்டோர ஈரக் கரையில மார்கான்ஷியாவே கிடைக்கும்.