வெள்ளைக் கோடு எங்கே போனது?

கேள்வி: எங்கள் மன்றத்தின் ஆண்டு மலருக்குப் பழமைச் சாயல் வேண்டுமென்று, தடித்த கோடுகளின் உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும், செதுக்கியது போன்ற செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு நீட்டல்கள் உள்ள) எழுத்துரு ஒன்றைத் தலைப்புகளுக்கும் ஆங்கிலக் கட்டுரைகளுக்கும் பயன்படுத்தினோம். திரையில் அழகாகத் தெரிந்தது. அச்சில் கட்டுரைப் பக்கங்கள் மட்டும் அழுக்குப் படிந்தாற்போல் வந்துள்ளன. தவறு அச்சகத்தாருடையதா?

பதில்: அவர்கள் மீது பழி போட வேண்டாம், அந்த எழுத்துருவைக் கட்டுரைக்குள் இறக்கியதுதான் வினை. செப்புத் தகட்டில் உளியால் கீறிய பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறிக்கொள்ளும் என்பதால், அம்முறையில் மயிரிழைக் கோடும் பிசிறின்றி விழும். அந்தத் தோற்றத்தை ஈய அச்செழுத்து இரவல் வாங்கிக்கொண்டது. ஆனால் அதில் மை பூசிக்கொள்வது மேடான பகுதி, வெள்ளைக் கோடோ இருபுறமும் மை நெருக்கும் குறுகிய பள்ளம். மேடு பள்ளமே இல்லாத ஆஃப்செட் அச்சிலும் மை தாளில் சிறிதளவு பரவவே செய்யும்.

வெள்ளைக் கோட்டின் அகலம் எழுத்தளவில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 48 பாயிண்ட் தலைப்பில் அது ஏறத்தாழ 0.42 மில்லிமீட்டர், 10 பாயிண்டில் 0.09 மில்லிமீட்டர்தான். மை இருபுறமும் சற்றே கசிந்தாலும் அந்த இடைவெளி தூர்ந்துவிடும். நான்கு வண்ண மைகளைச் சேர்த்து அந்த எழுத்தின் நிறத்தை உண்டாக்கியிருந்தால், ஒரு மை இம்மியளவு விலகினாலும் தலைப்புகூடத் தப்பாது. ஆகவே ஒரே மையில் அச்சிடச் சொல்லுங்கள்.

1922இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து நிறுவனம் வெளியிட்ட கௌடி ஹேண்ட்டூல்ட் என்ற எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தடித்த கோட்டின் நடுவில் நில்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதால், ஒளி இடமிருந்து விழுவதாகக் கண் ஏமாறுகிறது. இவ்வகை எழுத்துகளின் அழகெல்லாம் இந்த ஏமாற்றில்தான் இருக்கிறது; சிறிய அளவில் ஏமாறுவதற்கே எதுவும் மிஞ்சாது. ஜான் பீட்டர்ஸ் மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்து 1957இல் வெளிவந்த, இதே வகை எழுத்துருவான கேஸ்டெல்லரில் பெரிய எழுத்துகள் (கேப்பிடல்) மட்டுமே உண்டு. கட்டுரைக்கு உதவாது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் காப்பர்பிளேட் காதிக் என்ற எழுத்துருவை நம்பலாமா?

பதில்: முகவரி அட்டைக்குத் தாராளமாக நம்பலாம். ஃபிரெடெரிக் கௌடி 1901இல் வரைந்த அதில் வெள்ளைக் கோடு கிடையாது. செதுக்குவேலையின் சாயலைத் தருபவை கோட்டு முனைகளில் முள்போல் நிற்கும் மிகச்சிறிய செரிஃப்களே. அவை மூலைகளைக் கூர்மையாகக் காட்டுவதால் சிறிய அளவிலும் எழுத்து மழுங்குவதில்லை. எனினும் சிறிய எழுத்துகளின் இடத்தில் குட்டிப் பெரிய எழுத்துகளே இருப்பதால், நான்கு வரிக்கு மேல் படிப்பவருக்குக் கண் சலித்துவிடும். உங்கள் மலரின் கட்டுரைகளை அலங்காரமற்ற ஒரு செரிஃபுக்கு மாற்றிவிட்டுத் தலைப்புகளை அப்படியே விட்டுவைக்கலாம்.