உங்களுக்கு மிகவும் பிடித்த அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் யார்? ஏன் அவர்கள்?

யோசிக்காமல் சொல்வேன்: ஆர்தர் சி. கிளார்க். அவருக்கு அடுத்து உர்சுலா லெ குவின், டெட் சியாங் இருவரும். ஸ்டானிஸ்வாஃப் லெம் எனக்குத் தனி ரகம், அவரிடம் கடைசியில் வருகிறேன்.

கிளார்க்கை ஏன் இவ்வளவு பிடிக்கும்? ஒரு நாவலுக்காக அவர் இலங்கையையே இடம் மாற்றி வைத்தார், அதனால்தான். 1979-ல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து தரை வரைக்கும் ஒரு வடத்தை இறக்க வேண்டும். அந்த உயரத்தில் சுற்றும் பொருள், பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்றி முடிக்கும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடித்துவிடும். அதனால் கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருந்தால்தான் அப்படி நிற்கும். இலங்கையோ அதற்கு ஆறு டிகிரி வடக்கே தொடங்குகிறது. கதை நடக்க வேண்டிய மலையோ இலங்கையில்.

ஏதோ ஒரு புதுக் கருவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதி இதைத் தாண்டிப் போயிருக்கலாம். கிளார்க் அப்படிச் செய்யவில்லை. தீவைச் சுமார் 800 கி.மீ. தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையின் மேல் வைத்தார். மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். தீவுக்குத் தப்ரபேன் என்ற பழைய கிரேக்கப் பெயரைக் கொடுத்தார். இதையெல்லாம் செய்திருக்கிறேன் என்று வாசகனிடம் அந்தப் புத்தகத்திலேயே சொல்லியும் விட்டார். நிலப்படத்தில் கைவைத்தார், இயற்பியலில் கைவைக்கவில்லை. எனக்குப் பிடித்தவர்கள் எல்லோரிடமும் நான் தேடுவது இதைத்தான்: ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நம்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, மிச்சம் எல்லாவற்றுக்கும் கணக்குக் கொடுக்கிற நாணயம்.

அந்த மலை நம் ஆட்கள் சிவனொளிபாதமலை என்று சொல்லும் மலையை வைத்து எழுதப்பட்டது. நாவலில் அதன் உச்சியில் பிக்குகளின் மடம் இருக்கிறது. லிஃப்ட் கட்ட வந்த பொறியாளருக்கு வேண்டிய இடமும் அதே உச்சிதான். இன்னொரு பக்கம், சிகிரியாவில் கோட்டை கட்டிய காசியப்பனின் சாயலில் ஒரு அரசன். வானத்தைத் தொட ஆசைப்பட்ட இரண்டு மனிதர்களை, நூற்றாண்டுகள் தாண்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறார். கிளார்க்கின் மனிதர்கள் மரப்பொம்மைகள் என்பவர்களை இந்த ஒரு புத்தகத்தை மட்டும் வாசித்துப் பார்க்கச் சொல்வேன்.

அவர் 1956-ல் இலங்கைக்கு வந்து, 2008-ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தவர். கடலில் மூழ்கிப் பார்ப்பதில் அவ்வளவு மோகம். திருகோணமலைக் கடலடியில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் அவரும் நண்பர் மைக் வில்சனும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சம்பந்தர் பாடிய கோயிலின் கற்களைத் தேடிக் கடலுக்குள் இறங்கிய மனிதர், 1945-லேயே மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று கட்டுரை எழுதியவரும்கூட! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

லெ குவின் இதே நாணயத்தைச் சமூகத்தில் காட்டியவர். அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர். ஒரு ஊரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது வீட்டிலேயே கிடைத்த படிப்பு என்று நினைக்கிறேன். 1969-ல் வந்த 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலின் பனிக்கிரகத்தில், மாதத்தின் பெரும்பகுதி யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சில நாட்கள் மட்டும் ஏதோ ஒன்றாக மாறுவார்கள், அதுவும் அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே ஆள் ஒரு குழந்தைக்கு அம்மா, இன்னொன்றுக்கு அப்பா. இவ்வளவுதான் அவர் நம்பச் சொல்வது. அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு அரசியல், வேலை, சட்டம், போர் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார். பிள்ளை பெறும் பாரம் யார் மேல் வேண்டுமானாலும் விழலாம் என்றால் ஒரு ஊர் எப்படி நடக்கும்? அங்கே அரசரே கர்ப்பமாகிறார்! கடைசிப் பகுதியில் இரண்டு பேர் பனிப்பாறையைக் கடந்து நடக்கிறார்கள். நட்பைப் பற்றி நான் வாசித்ததில் அதைவிட நல்ல பக்கங்கள் இல்லை.

சியாங் குறைவாக எழுதுபவர். 2002-ல் ஒன்று, 2019-ல் ஒன்று, இரண்டே தொகுப்புகள். 1990-ல் வெளிவந்த அவருடைய முதல் கதை பாபிலோன் கோபுரத்தைப் பற்றியது. வானம் என்பது உண்மையிலேயே ஒரு கல் கூரை என்று எடுத்துக்கொண்டு, அதுவரை கோபுரம் கட்டினால் என்ன ஆகும் என்று பார்க்கிறார். ஒரு செங்கல் உச்சிக்குப் போய்ச் சேர நான்கு மாதம். வழியிலேயே குடும்பங்கள் வாழ்கின்றன, காய்கறி விளைகிறது. சூரியனைத் தாண்டி மேலே போனவர்களுக்கு வெளிச்சம் காலடியிலிருந்து வருகிறது. ராக்கெட் இல்லை, எந்திரம் இல்லை. ஆனாலும் முழுக்க முழுக்க அறிவியல் புனைகதை.

நம்மூரில் சுஜாதாவைச் சொல்லாமல் முடியாது. ஜீனோ என்ற எந்திர நாய் வழியாகத்தான் நம்மில் பலர் இந்த உலகத்துக்குள்ளேயே வந்தோம். அவர் போனதும் 2008-ல்தான், பிப்ரவரி 27. கிளார்க் மார்ச் 19. மூன்றே வாரத்தில் இரண்டு பேரும்.

லெம் இந்த வரிசைக்கு எதிர்த்திசையில் நிற்பவர். அவருடைய 'சோலாரிஸ்' நாவலில், அதே பெயருள்ள கிரகத்தில் ஒரு பெருங்கடல் இருக்கிறது, அதற்கு அறிவு இருக்கிறது போலவும் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து நூலகம் நூலகமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டும் பகுதியைச் சலிப்பு என்று பலர் தாண்டிவிடுவார்கள். எனக்கோ அதுதான் நாவலின் உயிர். மனிதனால் புரிந்துகொள்ளவே முடியாத ஒன்று இருக்கலாம் என்பதை அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.

புதிதாக வாசிக்க வருகிறவர்கள் லெமில் தொடங்க வேண்டாம். சியாங்கின் கோபுரக் கதை ஒரே மாலையில் முடிந்துவிடும். அது பிடித்துப்போனால் கிளார்க்கின் மலைக்கு ஏறுங்கள். லெ குவினுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் சில அத்தியாயங்களில் பெயர்கள் குழப்பும், விட்டுவிடாதீர்கள்.