சாமி எல்லா இடத்துலயும் இருக்கும்போது ஏன் புனித ஸ்தலம் தேடி யாத்திரை போறாங்கன்னு சின்னப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கறது?

இதே கேள்வியை என் மக இங்க சிங்கப்பூர்ல பிரைமரி த்ரீ (மூணாம் வகுப்பு) படிக்கும்போது என்கிட்ட கேட்டா. தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி, பால்குடத்துக்குக் கட்டுற மஞ்சள் புடவையை அயர்ன் பண்ணிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு "நம்ம சாமி ரூம்ல இருக்கிறதும் அதே முருகன்தானே மா, வேல் கூட இருக்கு, இங்கேயே பால் ஊத்துனா போதாதா, எதுக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் செருப்பில்லாம நடக்கணும்"னு கேட்டா. எனக்குச் சட்டுன்னு பதில் வரல. அப்புறம் நான் திருப்பிக் கேட்டேன், பாட்டி தினமும் வீடியோ கால்ல வர்றாங்களே, அப்புறம் ஏன் ஜூன் லீவுக்கு ஊருக்குப் போகணும்னு அடம் பிடிக்கிற? "பாட்டி மடியில படுக்கணும்ல"ன்னா. பாதி பதில் அதுலயே இருக்கு, அதனால பிள்ளைங்ககிட்டயே கேளுங்க, அவங்களே சொல்லிடுவாங்க.

மீதிப் பாதியை எனக்கே புரிய வச்சது எங்க ப்ளாக்ல அதே மாடியில இருக்கிற மக்சிக், அதாவது மலாய் ஆன்ட்டி. சிங்கப்பூர்ல இருந்து ஹஜ்ஜுக்கு வருஷத்துக்கு 900 பேருக்குத்தான் இடம், அவங்க பேரைப் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்திருந்து போயிட்டு வந்தாங்க. வந்ததும் பேரீச்சம்பழமும் குட்டிக் கப்புல மக்காவோட ஸம்ஸம் ஊத்துத் தண்ணியும் கொண்டு வந்து குடுத்தாங்க, என் மக கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா. கைக்குழந்தை இஸ்மாயீல் தாகத்துல அழுதப்போ அவங்கம்மா ஹாஜரா பாலைவனத்துல ஸஃபா, மர்வாங்கிற ரெண்டு குன்றுக்கு நடுவுல தண்ணி தேடி ஏழு தடவை ஓடுன கதையையும், அதுக்கப்புறம்தான் இந்த ஊத்து வந்துச்சுன்னும், ஹஜ்ஜுக்குப் போற எல்லாரும் இன்னைக்கும் அதே மாதிரி ஏழு தடவை நடக்கறாங்கன்னும் சொன்னாங்க. ஏழு தடவையும் சேர்த்தா மூணு கிலோமீட்டருக்கு மேல வரும், கிட்டத்தட்ட நாங்க பால்குடம் தூக்கிட்டு நடக்கிற தூரம்!

அப்போதான் எனக்குப் பொறி தட்டுச்சு. காவடியும் அதானே, அகத்தியர் சொல்லி இடும்பன் ரெண்டு மலையைத் தோள்ல கட்டித் தூக்கிட்டு வந்து பழனியில இறக்கி வச்சான், அவன் சுமந்ததைத்தான் நாம காவடியா சுமக்கறோம். முன்னாடி ஒருத்தர் பட்ட பாட்டை நம்ம கால்லயும் தோள்லயும் கொஞ்சம் பட்டுப் பார்க்கணும்னுதான் போறாங்க, அதை உக்காந்த இடத்துல செய்ய முடியாது. இப்படிக் கதையும் நடையும் சேர்த்துச் சொன்னா எட்டு வயசுப் பிள்ளைக்கு நல்லாவே புரியுது.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, "போயிட்டு வந்தா மார்க் வரும்"னு. நான் பிஎஸ்எல்இ, அதாவது ஆறாம் வகுப்பு முடிவுல வர்ற தேசியப் பரீட்சை, எழுதுன வருஷம் என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க, நானும் நம்பி நடந்தேன், மார்க் வரல, சாமிக்கு என்னைப் பிடிக்கலைன்னு ரொம்ப நாள் யார்கிட்டயும் சொல்லாம அழுதுருக்கேன். எந்தப் பிள்ளைக்கும் அது வரக்கூடாது.

முடிஞ்சா சீன காலண்டர்ல ஒன்பதாவது மாசம் குசு தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க, மெரினா சவுத் பியர்ல ஃபெர்ரி. கடல்ல தத்தளிச்ச ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாத்த ஒரு ஆமை தீவாவே மாறிடுச்சுன்னு அங்க ஒரு கதை உண்டு, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கீழ துவா பெக் கோங்ங்கிற சீன சாமி கோயில், குன்று மேல கெராமாட்ங்கிற மலாய்ப் புனித சமாதிகள், ஏற 152 படி. 2022ல தீப்பிடிச்சு அந்தச் சமாதிகள் சேதமாச்சு, அதனால இப்ப மேல ஏற விடறாங்களான்னு முதல்ல கேட்டுக்கோங்க. விட்டா, படியை எண்ணிக்கிட்டே பிள்ளைங்களை ஏற விடுங்க, பாதியில மூச்சு வாங்கும்போது பக்கத்துல பத்தி கட்டோட ஏறுற வயசானவங்களை அவங்களே பார்ப்பாங்க. அந்த நேரத்துல நீங்க எதுவும் விளக்க வேணாம்.

கால் வலிக்காதான்னும் கேட்பாங்க, வலிக்கும்னு உண்மையைச் சொல்லிடுங்க. நான் சொன்னேன். அந்த வருஷம் டேங்க் ரோடு முடிச்சு வீட்டுக்கு வந்து சோபால சாஞ்சேன், என் மக பாத்ரூம்ல இருந்து ஒரு வாளி வெந்நீரைத் தரையெல்லாம் சிந்தச் சிந்த இழுத்துட்டு வந்து, என் காலை அதுக்குள்ள எடுத்து வச்சா.