கிராமப்புற சுகாதாரத்தில் எந்தக் கேள்வியை முதலில் ஆராய வேண்டும் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. கிராமங்களில் பல மரணங்கள் மருத்துவமனையை எட்டாமலேயே நிகழ்ந்துவிடுகின்றன. இந்தியாவில் பாம்புக்கடியைப் பாருங்கள்: அரசுக் கணக்கில் மிகக் குறைவாகவே இருந்த இறப்புகள், வீடுவீடாகச் சென்று குடும்பத்தாரிடம் காரணம் விசாரித்த ஆய்வில், 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என மதிப்பிடப்பட்டன.

எண்ணிக்கை தெரிந்தால் போதுமா என்றால், போதாது. மரணத்தில் முடியாத துன்பம் எந்த மரணக் கணக்கிலும் ஏறுவதில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் குழுவினர் இரண்டு கிராமங்களில் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 92 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோயோ பாலியல் நோயோ இருந்தது. அதற்கு முன் அத்தகைய பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 சதவீதத்தினர்தான். கேட்க ஆளில்லாததால் பேசப்படாமல் கிடந்த நோய் அது.

இப்படித் திரளும் கேள்விகளை வரிசைப்படுத்த, ஆய்வால் விடை காண முடியுமா, தீர்வு பலனளிக்குமா, அது கிராமம்வரை போய்ச் சேருமா, நோய்ச்சுமை எவ்வளவு குறையும், ஏழைகளுக்குப் பயன் கிட்டுமா என்ற அளவுகோல்களுக்கு வல்லுநர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். இவற்றில் போய்ச்சேர்வதற்கே கூடுதல் எடை தர வேண்டும் என்பது என் கருத்து. அதே கட்சிரோலியில், பச்சிளங்குழந்தைகளைப் பிழைக்க வைப்பது எப்படி என்ற கேள்வி, பயிற்சி பெற்ற கிராமப் பெண்களால் அவர்களை வீட்டிலேயே பராமரிக்க முடியுமா என்று கேட்கப்பட்டது. 39 கிராமங்களில் அவ்வாறு செய்து பார்த்தபோது, பச்சிளங்குழந்தை இறப்பு சுமார் 62 சதவீதம் குறைந்ததை 1999-இல் வெளியான முடிவுகள் காட்டின.