நெஞ்சுக்குள் போகாத பம்ப்

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீசிங், இளைப்பு, முட்டு என்று ஊருக்கொரு பேர் வைத்திருக்கும் ஆஸ்துமா பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பம்ப் என்று நாம் சொல்வது, மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் இன்ஹேலரைத்தான். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

பாம்பன்: மகனுக்கு 7 வயசு சிஸ்டர். பம்ப் குடுத்தா அதுக்கே பழகிருவான்னு மாமியார் சொல்றாங்க. மாத்திரையே போதுமா?

மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது பெரிய மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான். பம்ப் மருந்து நேரே நுரையீரலுக்குப் போகும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்க. வீட்டில் முடிவெடுப்பது அவர்தானே!

சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை) இல்லாமல் பம்ப் அடித்தால் பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் வாங்க முடியாவிட்டால், 500 மில்லி தண்ணி பாட்டில் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியை டேப் சுற்றி அடையுங்கள். பம்பை அழுத்தியதும் பிள்ளை பாட்டில் வாயைக் கவ்விக்கொண்டு மூச்சை இழுத்து விடட்டும். தென்னாப்பிரிக்காவில் இப்படிச் செய்த பாட்டிலைக் குழந்தைகளிடம் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்குக் குறைவில்லை என்று 1999-ல் எழுதினார்கள்.

தேவிபட்டினம்: முட்டு வந்தா ரெண்டு தடவை அடிப்பேன், சரியாயிரும். தினம் ஒரு பம்ப் எடுக்கச் சொல்றாங்களே, அது எதுக்கு?

நீங்கள் அடிப்பது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அந்த வேலை புடெசோனைடு மாதிரி ஸ்டீராய்டு பம்பினுடையது, அதுதான் தடுப்பு பம்ப். முட்டு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும், எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். விரிக்கும் மருந்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

நான் வீடு வீடாகப் போனபோது "அடிச்சுக் காட்டுங்க" என்பேன். குலுக்க மாட்டார்கள், மூச்சை முழுக்க வெளியே விட மாட்டார்கள், அழுத்திவிட்டு உடனே வாயைத் திறந்துவிடுவார்கள். மருந்து புகையாக மூக்கு வழியே வெளியே வரும்! உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.

சாயல்குடி: கரி மூட்டம் போடுற வேலை, அக்கா. வேலையை விட முடியாது.

விடச் சொல்ல எனக்கு வாயில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி மண் மூடி எரித்தால் நாள்கணக்கில் புகையும். காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். கரியை அள்ளி மூட்டை கட்டும்போது லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். துண்டை மூக்கில் கட்டுவது பெரிய தூசியைத்தான் தடுக்கும். தடுப்பு பம்பை ஒரு நாளும் விடாதீர்கள்.

கீழக்கரை: பேத்திக்கு 2 வயசு. குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடுவோம், ராத்திரி கொசுவர்த்தி. வாப்பாவுக்கும் இளைப்பு இருக்கு.

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்தது. கொசுவலை கட்டுங்கள். பேத்தியின் தலையைத் துண்டால் துவட்டினாலே காயும்.

மண்டபம்: நண்டு கம்பெனியில வேலை. லீவு நாள்ல நல்லா இருக்கேன், வேலைக்குப் போனா இருமல்.

இதைச் சொல்லாமல் மருந்து மட்டும் வாங்கியிருப்பீர்கள். நண்டு அவிக்கும் ஆவியில் அதன் புரதமும் கலந்து வரும், சிலருக்கு அதுவே ஆஸ்துமாவைக் கிளப்பும். லீவில் குறைந்து வேலையில் கூடுவதுதான் அடையாளம். டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். அவிக்கிற இடத்தை விட்டு வேறு வேலைக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.

தொண்டி: கடல் காத்து நல்லதுன்னு சொல்றாங்க. ஹைதராபாத் மீன் மருந்துக்கும் போகலாமா?

காற்று நல்லதுதான், ஈரம்தான் வம்பு. தலையணையில் தூசிப்பூச்சியும் சுவரில் பூஞ்சையும் ஈரத்தில்தான் பெருகும். பாயையும் தலையணையையும் வெயிலில் போடுங்கள். விரால் மீனை விழுங்குவதால் ஆஸ்துமா குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அங்கே போகிறேன் என்று பம்பை நிறுத்தி வந்து அவஸ்தைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராமநாதபுரம்: வருஷம் ஒரு முகாம் வெச்சா ஆஸ்துமா குறைஞ்சுருமா?

முகாமில் கண்டுபிடிக்கலாம், தம்பி. அடுத்த மாதம் யார் கேட்பார்கள்? பின்லாந்தில் 1994-ல் பத்து வருஷத் திட்டம் போட்டார்கள். சீக்கிரமே தடுப்பு மருந்து தொடங்கினார்கள், நர்சுகளுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் 1993-ல் சுமார் 1,10,000, 2003-ல் 51,000. நம் ஊரிலும் மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே ஒரு தடவை அடித்துக் காட்டச் சொன்னால் பாதி வேலை முடியும்.

ராமேஸ்வரம்: விசைப்படகுல போறேன். கடல்ல முட்டு வந்தா?

பம்ப் இரண்டு வேண்டும், மூடி இறுகின டப்பாவில். ஒன்று உங்களிடம், ஒன்று கூட வரும் ஆளிடம். எப்படி அடிப்பது என்று அவருக்கும் தெரியணும். ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள். கரையில் 108 வந்து நிற்க முன்னாலேயே போன் போடட்டும். டப்பாவை எஞ்சின் ரூமில் வைக்காதீர்கள், சூட்டில் பம்ப் வெடிக்கும்.